காற்றை வசப்படுத்தும் கார்கள்

ஆண்டுதோறும் பொங்கல் கழிந்து தையும் மாசியும் நடைபெறும் நாட்களில், மேல்நாட்டுப் பந்தயக் கார் நிறுவனங்கள் தத்தம் புதிய கார்களை உலகின் கண்முன் கொணர்ந்து நிறுத்துவது வழக்கம். திரை விலகிய சில நொடிகளில் அக்கார்களின் படங்கள் கடல் கடந்து நம் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. மூக்கின் நுனி சென்ற ஆண்டைப் போல் இல்லையே, பக்கவாட்டில் இத்துணைப் பெரிய பள்ளம் எதற்காக, பின் இறகின் அடியில் உள்ள சிறு தகடு யாது செய்யும் என்றெல்லாம் வினாக்கள் எழுகின்றன. மைசூரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலும், கல்லூரியில் பயிலும் மைந்தரும் மகளிரும் இவ்வினாக்களை இரவு நெடுநேரம் அலசக் காண்கிறோம். பாடத்தை விட்டுவிட்டு இது என்ன வீண் பேச்சு என்று பெற்றோர் கடிந்துகொள்வதும் நம் செவியில் விழுகின்றது.

இப்பேச்சு வீணானதா, பயனுடையதா? இவ்வினாவை எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் கண்ட முடிவை முன்னரே கூறிவிடுகிறோம். ஊகம் செய்வது நன்று; விஞ்ஞானத்தின் பாதி அதுவே. மறு பாதி சோதனை. சோதித்துப் பாராத ஊகத்தை நம்பிச் செயலில் இறங்குவோர், பந்தயக் களத்திலும் சரி, நம் ஊர்ச் சாலையிலும் சரி, பெரும் விலை கொடுக்க நேரிடும்.

ஆடிக் காற்றும் அம்மியும்

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பர் நம் முன்னோர். அதே காற்றைக் கொண்டு அம்மியை இருந்த இடத்திலேயே அழுத்திப் பிடிக்கச் செய்ய இயலுமா? இயலும் என்று காட்டியவர்கள் பந்தயக் கார் வல்லுநர்கள்.

ஆகாய விமானத்தின் இறக்கையை நேயர்கள் நினைவிற் கொள்க. அதன் மேற்புறம் ஓடும் காற்றின் அழுத்தம் குறைகின்றது. கீழ்ப்புறத்தில் அழுத்தம் மிகுகின்றது. ஆகவே இறக்கை மேலே தூக்கப்படுகின்றது. இவ்விறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காரின்மேல் பொருத்தினால் யாது நிகழும்? முன்னர்த் தூக்கிய அதே விசை இப்பொழுது காரைத் தரையோடு அழுத்தும். டயர் தரையைப் பற்றும் பிடியானது, அதன்மேல் அழுந்தும் பாரத்தைப் பொறுத்தது. பிடி மிகுந்தால் திருப்பங்களில் கார் வழுக்காமல் விரைந்து செல்லும்.

அப்படியாயின் காரில் நாலு மூட்டை மணலை ஏற்றிவிட்டால் போதாதோ என்று ஒருவர் கேட்கக்கூடும். மணலை ஏற்றினால் பிடி கூடும் என்பது மெய்யே. ஆனால் அம்மணலையும் சேர்த்தல்லவோ கார் திருப்பத்தில் திருப்பியாக வேண்டும்? கனத்த பொருள் நேர்வழியே செல்ல விழையும். அதனைத் திருப்ப மிகுந்த பிடி வேண்டும். ஈட்டியது அங்கேயே செலவாகிவிடும். காற்றின் அழுத்தமோ எடையைக் கூட்டாமல் பிடியை மட்டும் கூட்டித் தருகின்றது. சூட்சுமம் முழுவதும் இதில் அடங்கியிருக்கின்றது.

இலவசமாக எதுவும் கிட்டுவதில்லை. இறகு காற்றைத் தடுக்கின்றது. ஆகவே நேர்ச்சாலையில் வேகம் குறைகின்றது. திருப்பத்தில் வேண்டிய பிடியையும், நேர்ச்சாலையில் வேண்டிய வேகத்தையும் எங்ஙனம் ஒருங்கே பெறுவது என்பதே 60 ஆண்டுகளாகப் பொறியாளர்களை வாட்டிவரும் கேள்வி. விந்தையான மூக்குகளும் வளைவுகளும் பள்ளங்களும் இக்கேள்விக்கு ஒவ்வொருவர் கூறும் விடைகளே.

மேலும் ஒரு கணக்கை இங்குக் குறித்தல் வேண்டும். காற்றின் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. வேகம் இரட்டித்தால் விசை 4 மடங்கு. வேகம் 4 மடங்கானால் விசை 16 மடங்கு. மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் இறகு தரும் அழுத்தத்தில் பதினாறில் ஒரு பங்குதான் 60 கிலோமீட்டர் வேகத்தில் கிட்டும். இக்கணக்கைப் பின்னர் நம் ஊர்ச் சாலைக்கு வரும்பொழுது மறவாதிருத்தல் நலம்.

விந்தைக் கார்களின் வரலாறு

1956 ஆம் ஆண்டில் மைக்கேல் மே என்னும் ஸ்விட்சர்லாந்து இளைஞர், ஜெர்மனியிலுள்ள நூர்பர்க்ரிங் களத்திற்குத் தம் போர்ஷே காரின்மேல் ஒரு பெரிய இறகைப் பொருத்திக் கொண்டு வந்தார். பந்தய அதிகாரிகள் அதனை அகற்றுமாறு பணித்தனர். உண்மையை முதலிற் கண்டவர் வெறுங்கையோடு திரும்பினார்.

10 ஆண்டுகள் சென்றன. 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் ஹால் என்பவர், தம் சப்பரல் காரில் ஆளுயரக் கம்பங்களின்மேல் ஓர் இறகை நிறுத்தினார். திருப்பத்தில் அது சாய்ந்து நின்று காரை அழுத்தும். நேர்ச்சாலையில் ஓட்டுநர் ஒரு மிதியை அழுத்தினால் இறகு படுத்துக்கொண்டு காற்றுக்கு வழிவிடும். எத்துணை நுட்பமான ஏற்பாடு!

இதனைக் கண்டோர் பலரும் இறகுகளை நாடலாயினர். 1968 ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயக் கார்களிலும் இறகுகள் தோன்றின. பார்த்தவர் பார்த்தபடி ஒருவரையொருவர் விஞ்ச உயர்த்திக்கொண்டே போயினர். அவ்விறகின்மேல் எத்துணை விசை தாக்குகின்றது, அதனைத் தாங்கும் மெல்லிய கம்பங்கள் எத்துணை நேரம் தாங்கும் என்று அளந்து பார்ப்பதில் அத்துணை அக்கறை காட்டப்படவில்லை. விளைவு யாது? 1969 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆம் நாள், ஸ்பெயின் நாட்டு மோன்ஜுயிக் களத்தில் லோட்டஸ் நிறுவனத்தின் இரு கார்களிலும் இறகுகள் ஒடிந்தன. கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் என்னும் இரு பெரும் வீரர்களும் விபத்துக்குள்ளாயினர், ரிண்ட் காயமுற்றார். அடுத்து நிகழ்ந்த மொனாக்கோ பந்தயத்தில் உயர்ந்த இறகுகள் தடை செய்யப்பட்டன. கண்ணால் கண்டு பின்பற்றுவது எளிது. கண்ணுக்குப் புலனாகாத விசையை அளப்பதே அரிது என்னும் பாடம் அன்று எழுதப்பெற்றது.

பின்னர் லோட்டஸ் நிறுவனத்தாரே வேறொரு வழியைக் கண்டனர். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் ஒரு சிறு மாதிரிக் காரை வைத்து அவர்கள் ஆராய்ந்தனர். அளவுகள் ஒருமுறை போல் மறுமுறை வரவில்லை. குற்றம் கருவியிலோ என்று ஐயுறாமல் பீட்டர் ரைட் என்னும் பொறியாளர் உற்று நோக்கினார். மாதிரியின் பக்கப் பகுதிகள் தளர்ந்து தரையை நெருங்கும்பொழுதெல்லாம் கீழ்நோக்கு விசை மிகுவதைக் கண்டார். காருக்கும் தரைக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வழியில் காற்று விரைந்து ஓடும்பொழுது அங்கு அழுத்தம் குறைந்து, கார் முழுவதுமே ஓர் இறகாகிவிடுகின்றது. பக்கங்களில் தட்டிகள் வைத்து வெளிக்காற்று புகாமல் அடைத்தால் இவ்விசை பன்மடங்காகும். இக்கருத்தின்மேல் எழுந்த லோட்டஸ் 79 என்னும் காரைக் கொண்டு மரியோ ஆண்ட்ரெட்டி 1978 ஆம் ஆண்டில் உலக வாகை சூடினார். மேலிருந்து படம் பிடித்தவர்களின் கண்ணுக்கு அக்காரின் உயிர்நிலை தென்படவில்லை. அது அடியில் ஒளிந்திருந்தது.

அதே ஆண்டு ஜூன் மாதம் 17 ஆம் நாள் ஸ்வீடன் நாட்டில் மற்றொரு வேடிக்கை நிகழ்ந்தது. பிரபாம் குழுவினர் தம் காரின் பின்புறத்தில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி வந்தனர். எஞ்சினைக் குளிர்விக்கவே விசிறி என்று காரணம் கூறினர். காரின் அடியிலுள்ள காற்றை அவ்விசிறி உறிஞ்சி வெளியேற்றியதால் கார் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. நிக்கி லாடா அதனை ஓட்டி எளிதில் வென்றார். பிற குழுவினர் கொதித்தெழுந்தனர். அக்கார் அந்த ஒரு பந்தயத்தோடு களத்தினின்றும் விலகிக்கொண்டது. சொல்லப்படும் காரணம் ஒன்று, மெய்க் காரணம் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1990 ஆம் ஆண்டில் டிரெல் குழுவினர் தம் காரின் மூக்கைத் தரையினின்றும் மேலே தூக்கி அமைத்தனர். அழகற்றது என்று நகைத்தவர் பலர். அடியில் மிகுந்த காற்றைச் செலுத்த அவ்வமைப்பு உதவுகின்றது என்பது தெளிவானதும், நகைத்தோரும் சில ஆண்டுகளில் அதனையே பின்பற்றினர்.

கோவை வீரரும் படி வைத்த மூக்கும்

நம் தமிழகத்திற்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. சென்னைக்கு அருகே சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடைபெற்று வந்ததை முதியோர் அறிவர். பின்னர் 1990 ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களம் எழுந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் என்பார், மாருதி காரின் எஞ்சினைக் கொண்டே நம் நாட்டு இளைஞர்களின் கைக்கு எட்டும் விலையில் பந்தயக் கார்களை அமைத்தார். 1995 ஆம் ஆண்டில் விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் அமைந்த பந்தயக் களம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அக்கோவை மாநகரம் ஈன்ற நரேன் கார்த்திகேயன், 2005 ஆம் ஆண்டில் ஜோர்டன் காரை ஓட்டிப் பார்முலா ஒன் களம் புகுந்த முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார். அவர் 2012 ஆம் ஆண்டில் ஓட்டிய கார் நம் பொருளுக்கு மிகவும் ஏற்றதொரு சான்று.

அவ்வாண்டில் வெளிவந்த கார்களைக் கண்டோர் திடுக்கிட்டனர். பெரும்பாலான கார்களின் மூக்கில் திண்ணைக்கு ஏறும் படியைப் போல் ஒரு படி அமைந்திருந்தது. காற்றை வெல்லும் புதிய மந்திரமோ இது என்று உலகெங்கும் ஊகங்கள் பறந்தன. உண்மையோ மிக எளியது. ஒரு கார் மற்றொன்றின் பக்கவாட்டில் மோதினால் அதன் மூக்கு ஓட்டுநரின் தலையைத் தாக்கிவிடக்கூடாது என்பதற்காக, மூக்கின் நுனி 55 சென்டிமீட்டர் உயரத்திற்கு மேற்படலாகாது என்று புது விதி வகுக்கப்பட்டது. அதற்குப் பின்னுள்ள உடற்பகுதி 62.5 சென்டிமீட்டர் வரை உயர்ந்திருக்க விதி இடந்தந்தது. அடியில் காற்று மிகுதியாகச் செல்லவேண்டும் என்பதால் உடற்பகுதியைத் தாழ்த்தப் பொறியாளர் மனம் ஒப்பவில்லை. உயர்ந்த உடலும் தாழ்ந்த மூக்கும் சந்தித்த இடத்தில் படி பிறந்தது. அது காற்றின் ஆணையால் வந்ததன்று. விதியும் ஆசையும் செய்துகொண்ட உடன்பாட்டின் தழும்பு.

நரேன் ஓட்டிய எச்.ஆர்.டி. காருக்கும் அத்தகைய மூக்கே அமைந்திருந்தது. அவ்வாண்டு வாகை சூடிய ரெட்புல் காருக்கும் அத்தகைய மூக்கே. எனினும் ஆஸ்திரேலியாவில் நடந்த முதற் பந்தயத்தில், எச்.ஆர்.டி. குழுவின் இரு கார்களும் தகுதி பெறுதற்கு வேண்டிய வேகத்தையே எட்டவில்லை. ஆகவே போட்டியில் இடம்பெறவும் இல்லை. மூக்கு ஒன்றாயினும் முடிவு ஏன் வேறாயிற்று? ஒரு சாரார் காற்றுச் சுரங்கத்தில் எண்ணற்ற மணி நேரம் உழைத்து, இறகின் ஒவ்வொரு வளைவையும் அளந்து திருத்தியவர்கள். மறு சாரார் பொருளும் காலமும் இன்றி இடர்ப்பட்டவர்கள். வீரரின் ஆற்றலைக் குறை கூற இதில் யாதும் இல்லை. வெளித் தோற்றத்தைக் கடன் வாங்கலாம். அதன் பின்னுள்ள உழைப்பைக் கடன் வாங்க முடியாது.

பெருஞ்செல்வம் படைத்தோரும் இடறுவதுண்டு. 2022 ஆம் ஆண்டு பஹ்ரைனில் நடந்த சோதனை ஓட்டத்தின்போது, மெர்சிடிஸ் குழுவினர் பக்கப் பெட்டிகள் ஏறக்குறைய மறைந்துபோன ஒரு காரைக் கொணர்ந்தனர். எல்லோரையும் இது வென்றுவிடும் என்று ஊகித்தவர் பலர். களத்திலோ அக்கார் குதிரையைப் போல் மேலும் கீழும் குதித்தது. தரையை நெருங்க நெருங்க உறிஞ்சும் விசை மிகும். மிகவும் நெருங்கியதும் காற்றோட்டம் முறிந்து கார் எழும். எழுந்ததும் மீண்டும் உறிஞ்சப்படும். காற்றுச் சுரங்கத்தில் முற்றும் வெளிப்படாத இத்துள்ளல் பல குழுக்களை வாட்டியது. அவ்வாண்டு முழுவதிலும் மெர்சிடிஸ் குழு வென்றது பிரேசில் நாட்டுப் பந்தயம் ஒன்றே. மறு ஆண்டில் அவ்வமைப்பை அவர்கள் கைவிட்டனர்.

மைசூர் மண்ணும் காற்றுக் கலையும்

இக்கலை மேல்நாட்டார்க்கே உரியது என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. நாம் வந்து குடியேறி வாழும் இம்மைசூர் மண்ணுக்கு இதில் பழம்பெருமை உண்டு. 1780 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர்ப் போரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலப் படையை முறியடித்தபொழுது, மைசூர் ஏவுகணைகள் களத்தில் சீறின. அப்போர்க் காட்சி சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இன்றும் ஓவியமாக நிற்கின்றது. விடுமுறை நாட்களில் அங்குச் செல்லும் நம்மவர் அதனைக் கண்டிருப்பர்.

அவ்வேவுகணை ஓர் இரும்புக் குழாய். அதனோடு நீண்டதொரு மூங்கிற் கழி பிணைக்கப்பட்டிருக்கும். அக்கழி வெறும் கைப்பிடி என்று நினைப்போர் உண்டு. காற்றில் பாயும் குழாய் தலைகுப்புற உருளாமல் நேர்வழி செல்லக் காத்தது அக்கழியே. பட்டத்திற்கு வால் எதுவோ, அம்புக்கு இறகு எதுவோ, ஏவுகணைக்கு மூங்கில் அது. ஆங்கிலேயர் கைப்பற்றிய கணைகள் இங்கிலாந்து சென்றன. காங்கிரீவ் என்பார் அவற்றின் வழியே ஆராய்ந்து, பலமுறை செய்து பார்த்துச் சோதித்துத் தம் நாட்டுக்கெனக் கணைகளை ஆக்கினார். கண்டு ஊகித்ததோடு அவர் நின்றிருந்தால் அது நடந்திராது.

பிற்காலத்திலும் இம்மைசூர்ச் சீமை வானூர்திக் கலைக்குத் தாய்வீடாயிற்று. 1940 ஆம் ஆண்டில் மைசூர் அரசாங்கத்தின் துணையோடு வால்சந்த் ஹீராசந்த் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையை நிறுவினார். 1959 ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய வானூர்தி ஆராய்ச்சிக் கூடம், பெங்களூருக்கு வந்த புதிதில் மைசூர் மகாராஜாவின் அரண்மனைக் குதிரை லாயத்தில் இயங்கியது. குதிரை கட்டிய இடத்தில் காற்றைக் கட்டும் ஆராய்ச்சி தொடங்கியது! 1967 ஆம் ஆண்டில் அக்கூடத்தில் 1.2 மீட்டர் அகலமுள்ள காற்றுச் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. ஒலியின் வேகத்தையும் விஞ்சிய காற்றோட்டத்தில் மாதிரிகளைச் சோதிக்க வல்லது அது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நாளில் சென்று திரும்பும் தொலைவில் இத்தகைய கூடங்கள் உள்ளன என்பதை நாம் மறத்தலாகாது.

ஊகம் செய்வது எங்ஙனம்?

புதிய காரின் படத்தைக் கண்டதும் நம் இளைஞர்கள் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு. முதலாவது, இவ்விடத்திற்குக் காற்று எங்கிருந்து வருகின்றது, இதனைக் கடந்து எங்கே போகின்றது? முன் இறகின் ஒரு சிறு வளைவு, தன் பொருட்டு அமைந்ததாக இராது. பின்னால் சுழலும் சக்கரத்தின் கலங்கிய காற்றை ஒதுக்கவே அமைந்திருக்கக்கூடும். இரண்டாவது, இவ்வடிவத்தை விதி வற்புறுத்துகின்றதா? படி வைத்த மூக்கை நினைக்க. மூன்றாவது, குளிர்விக்கவோ விபத்தில் காக்கவோ வேறு காரணம் உண்டா? விசிறிக் காரை நினைக்க. நான்காவது, இது மெய்யாகவே ஓடப்போகும் காரா? திரை நீக்கும் நாளில் மெய்யான பகுதிகளை மறைத்துப் பழைய இறகைக் காட்டி ஏய்ப்பதும் இத்தொழிலில் உண்டு. சோதனை ஓட்டத்தில் காரின்மேல் பூசப்படும் வண்ணத் தைலம் காற்றின் வழியே ஓடிக் கோடுகளாகப் படியும். அக்கோடுகளே பொய் சொல்லாத சாட்சிகள்.

2024 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்று 2026 ஆம் ஆண்டிற்கென வகுக்கப்பட்ட விதிகளை நோக்குக. முன் இறகும் பின் இறகும் நேர்ச்சாலையில் படுத்துக்கொள்ளவும், திருப்பத்தில் நிமிர்ந்து அழுத்தவும் அவை இடந்தருகின்றன. ஜிம் ஹால் 1966 ஆம் ஆண்டில் செய்த அதே செயல்! நம் பஞ்சாங்கக் கணக்கில் அது பராபவ ஆண்டு. 60 ஆண்டுச் சுற்று முடிந்து மீண்டும் பராபவம் வரும்பொழுது, அக்கருத்தும் சுற்றி வந்து சேர்ந்திருக்கின்றது. பழையதை அறிந்தவனுக்கே புதியதை ஊகிக்கும் தகுதி உண்டு.

ஊகித்ததைச் சோதிக்கப் பொற்காசுகள் வேண்டா. மைசூரின் பெயரை உலகறியச் செய்த ஊதுவத்தியே போதும். உறிஞ்சு குழல்களைக் கட்டாகக் கட்டி மேசை விசிறியின் முன் அடுக்கினால், சுழன்று வரும் காற்று நேராகும். அட்டையை வளைத்து ஒரு சாண் நீளத்திற்கு ஓர் இறகு செய்து, அதன் வயிறு கீழ்நோக்கிப் புடைத்திருக்குமாறு சமையலறைத் தராசின்மேல் நிறுத்துக. முதலில் இறகின்றிக் காற்றைச் செலுத்தித் தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க. பின்னர் இறகோடு குறிக்க. எடையைக் கழித்தால் எஞ்சி நிற்கும் சில கிராம்களே காற்றின் அழுத்தம். ஊதுவத்திப் புகையை அருகே பிடித்தால் காற்றின் வழி கண்ணுக்குத் தோன்றும். இறகைச் சிறிது சிறிதாக நிமிர்த்திக்கொண்டே வருக. ஓரளவு வரை அழுத்தம் கூடும். அதற்குமேல் புகை இறகை விட்டுப் பிரிந்து சுருள்வதையும், தராசின் எண் இறங்குவதையும் காணலாம். பெரும் பொறியாளரும் அஞ்சும் எல்லை அதுவே. பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து ஒரு ஞாயிறு பிற்பகலில் செய்து பார்க்கத்தக்கது இச்சோதனை. ஊதுவத்தி ஏற்றும்பொழுது பெரியோர் ஒருவர் அருகிருத்தல் நன்று.

சாலையில் இறகு எதற்கு?

இனி நம் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறோம். 2023 ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலை திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் தொட்டு, விபத்துக்களைக் கருதி, இருசக்கர வண்டிகளும் ஆட்டோக்களும் அதன் முதன்மைப் பாதையில் செல்லத் தடை விதிக்கப்பட்டது. எனினும், படத்திற் கண்ட பந்தயக் காரைப் போல் தம் வண்டிக்கும் இறகு பொருத்திக்கொண்டு விரைந்தோட விழையும் இளைஞர்களை நாம் காண்கிறோம்.

முன்னர்ச் சொன்ன கணக்கை இங்கே பொருத்திப் பார்ப்போம். ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள இறகு ஒன்று, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தரக்கூடிய அழுத்தம் ஏறக்குறைய 4 கிலோ. 80 கிலோமீட்டர் வேகத்திலும் அது 7 கிலோ அளவே. பின் இருக்கையில் வைத்த அரிசிப் பை அதனினும் மிகுதியாக அழுத்தும்! நம் சாலைகளில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரங்களால் இழுக்கப்படுபவை. பின்னால் இறகு வைத்து அவற்றிற்கு ஆவது யாது? தடை கூடும், எரிபொருள் செலவாகும். செம்மையாகப் பிணைக்கப்படாத இறகு ஓடும்பொழுது ஒடிந்து பறந்தால், பின்னே வருபவரின் உயிருக்கு யார் பொறுப்பு? மோன்ஜுயிக் களத்தில் லோட்டஸ் நிறுவனத்தின் தேர்ந்த பொறியாளர்கள் அமைத்த இறகே ஒடிந்தது. தெருவோரப் பட்டறையில் இரண்டு திருகாணிகளால் முடுக்கிய இறகை நம்பலாமோ?

எல்லாவற்றிற்கும் மேலாக, இறகு பொருத்தியவன் மனத்தில் ஒரு பொய்யான துணிவு பிறக்கின்றது. திருப்பத்தில் கார் தன்னைக் காக்கும் என்று அவன் நம்புகிறான். அந்நம்பிக்கையே கொடியது. பந்தயக் களத்தில் எதிரே பேருந்து வருவதில்லை; மாடு குறுக்கிடுவதில்லை; பள்ளிச் சிறுவர் சாலையைக் கடப்பதில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல்

ஆகவே பிள்ளைகளின் ஆவலை அடக்கிவிடுதல்தான் வழியோ எனின், அன்று. ஆற்று நீரை அணை கட்டித் தேக்கினால் வயலுக்குப் பாயும். கிருஷ்ணராஜ சாகரத்தின் அருகே வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இவ்வாவல் பாயத்தக்க வாய்க்கால்கள் இன்று உள்ளன. கல்லூரி மாணவர் தாமே ஒரு சிறு பந்தயக் காரை வகுத்து, கட்டி, கணக்குக் காட்டி, ஓட்டியும் நிறுவும் பார்முலா பாரத் போட்டி கோவைக் கரி களத்தில் நடைபெற்று வருகின்றது. அங்கு வேகம் மட்டும் மதிப்பெண் பெறுவதில்லை. இவ்விறகை ஏன் வைத்தாய், இதனால் எத்துணைப் பயன், எவ்வாறு அளந்தாய், என்ன செலவாயிற்று என்று நடுவர்கள் கேட்பர். அழகுக்காக வைத்தேன் என்பது அங்கு விடையாகாது.

வேலை தேடி எல்லை கடந்து வந்து, ஆலையிலும் அலுவலகத்திலும் கடையிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம் குடும்பங்களுக்கு, ஒவ்வொரு ரூபாயும் ஒவ்வொரு மணி நேரமும் அருமையானது. பட்டறையில் மாலைப் பொழுதைக் கழித்துக் கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு வரும் மகனைக் கண்டு, மகளைக் கண்டு, மனம் கலங்குதல் இயல்பே. கலங்கும் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுதான். உன் ஊகம் யாது என்று கேளுங்கள். அதனை எவ்வாறு சோதித்தாய் என்றும் கேளுங்கள். இரண்டாம் கேள்விக்கு எண்களோடு விடை வருமாயின், அப்பிள்ளை காலத்தை வீணாக்கவில்லை என்று உறுதி கொள்ளலாம். விடை வாராதாயின், தராசையும் விசிறியையும் எடுத்துக் கொடுத்து அருகில் அமருங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தையில் புதிய கார்களின் படங்கள் வரும். அவற்றின் மூக்கையும் இறகையும் பற்றி நன்றாக வாதிடுங்கள். வாதிட்டதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். ஆண்டு முடிவில் எது மெய்யாயிற்று, எது பொய்த்தது என்று ஒப்பு நோக்குங்கள். சென்ற ஆண்டின் ஊகம் எவ்விடத்தில் தவறியது என்று சொல்லத் தெரிந்தவன் நல்ல பொறியாளன் ஆவான். சாலையில் செல்லும்பொழுது மட்டும் இறகையும் பந்தயத்தையும் மறந்து, வீட்டில் காத்திருப்போரை நினைந்து நிதானமாகச் செல்லுங்கள்.